ஐந்து மாதம் 4 எம்பிபிஎஸ்-இல் நின்ற ஃபைபர் இணைப்பு: தேடிய கதை, கண்டுபிடித்த கணக்கு

நேற்று 8-ஆம் தேதி. இரவு 11 மணிக்கு வேகம் பார்த்தேன், 197 எம்பிபிஎஸ் காட்டியது. கடந்த ஐந்து மாதமாக 8-ஆம் தேதி இரவு என்றால் எங்கள் வீட்டில் வேகம் 4-ஐத் தாண்டியதே இல்லை. இப்போது சரியாகிவிட்டது என்று நம்பிக்கையாகச் சொல்லலாம். அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டு மாதமாவது மிச்சமாகும்.

எங்களுடையது 200 எம்பிபிஎஸ் திட்டம், ஏற்றமும் (அப்லோட்) இறக்கமும் (டவுன்லோட்) ஒரே வேகம், 24 மாத ஒப்பந்தம். முதல் 12 மாதம் ஒரு குறையும் இல்லை. 13-ஆவது மாதத்தில் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்தன. ஒன்று, திடீர் திடீரென்று இணைப்பு அறுந்து, ஓரிரு நிமிடத்தில் தானாகத் திரும்பும். இன்னொன்று, மாதத்தின் முதல் வாரம் முழுக்க வேகம் படுத்துவிடும். இரண்டும் ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டேன். செய்த தவறுகளில் பாதி அதிலிருந்து வந்தவைதான்.

முதலில் வைஃபை மேல் சந்தேகப்பட்டுப் புது ரவுட்டர் வாங்கினேன். செலவுக் கணக்கைப் பணமாகச் சொல்லாமல், எங்கள் மாதக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், யாருக்கும் பொருந்தும். ரவுட்டர் 180. 4-ஆம் தேதி மாட்டினேன். எந்த மாற்றமும் இல்லை.

அப்புறம் புகார் கொடுத்தேன். தொலைபேசியில் பேசியவர், "எங்க பக்கம் சிக்னல் நல்லா இருக்கு சார்" என்றார். அப்படியும் 8-ஆம் தேதி மாலை ஒரு டெக்னீஷியன் வந்தார். ஓஎன்டி பெட்டியின் (ஃபைபர் இழையில் வரும் ஒளியை இணைய சிக்னலாக மாற்றுவது) நிலைப் பக்கத்தைத் திறந்து, வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டினார்: மைனஸ் 26.3 டிபிஎம். இது டெசிபெல் கணக்கு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. ஜிபான் என்ற இந்த வகை ஃபைபர் இணைப்பின் பெட்டிகள் பெரும்பாலும் மைனஸ் 27 வரைதான் தாங்கும். அதாவது விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை நிற இணைப்பியைக் கழற்றி, பேனா மாதிரி இருக்கும் துடைப்பானை இரண்டு முறை 'டிக்' என்று அழுத்தித் துடைத்து மாட்டினார். மைனஸ் 25.8 ஆனது. மறுநாள் காலை வேகம் 200-ஐத் தொட்டது.

துடைத்ததால்தான் சரியானது என்று ஒரு மாதம் முழுக்க நம்பினேன். அதே பேனாவை நானும் ஒன்று வாங்கினேன், செலவு 20. இப்போது தெரிகிறது, மறுநாள் 9-ஆம் தேதி, எங்கள் பில்லிங் சுழற்சி புதிதாகத் தொடங்கும் நாள். அவர் துடைக்காமல் திரும்பிப் போயிருந்தாலும் காலையில் வேகம் வந்திருக்கும்.

அடுத்த மாதம் 2-ஆம் தேதி மறுபடியும் படுத்தது. 5-ஆம் தேதி வேறொரு டெக்னீஷியன் வந்தார். இவர் பொறுமையான ஆள். இணைப்பியைக் கழற்றி, சிவப்பு ஒளி அடிக்கும் ஒரு பேனாவை இழையில் செருகிவிட்டு அறை விளக்கை அணைக்கச் சொன்னார். சுவரோரமாக இழை போகும் வழியெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று, "இங்க பாருங்க சார், வெளிச்சம் கசியுது" என்றார். அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இழை நசுங்கி, முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. அந்த மடிப்பில், மெல்லிய வெள்ளை உறைக்குள்ளிருந்து அரிசி அளவுக்குச் சிவப்பு ஒளி தெரிந்தது. கீழ் இழுப்பறையைத் திறந்து மூடினால் அந்தப் புள்ளி பெரிதாகிச் சின்னதானது. இணைப்பு அறுந்த நேரங்களை யோசித்துப் பார்த்தேன். அந்த இழுப்பறையில்தான் சார்ஜர்கள் இருக்கின்றன, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறப்போம்.

அலமாரியை நான்கு விரற்கடை முன்னால் இழுத்தோம். மடங்கிப்போன பேட்ச் கார்டை (இரு முனையிலும் இணைப்பி உள்ள இழைத் துண்டு) மாற்றினார். அளவு மைனஸ் 20.9 ஆனது. 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகும் என்பது கணக்கு. இங்கே வித்தியாசம் ஏறக்குறைய 5, ஆக, வரவேண்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அதுவரை வந்திருக்கிறது. "எங்க பக்கம் சிக்னல் நல்லா இருக்கு" என்று அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. வீட்டுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போகும் ஒளி 1310. நீண்ட அலைநீளம்தான் மடிப்பில் அதிகம் கசியும். அதனால் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது நன்றாகவும், எங்களுக்கு வந்தது மோசமாகவும் இருந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சிவப்புப் பேனாவின் ஒளி கண்ணுக்குத் தெரியும், இழையில் வழக்கமாக ஓடும் ஒளி தெரியாது. கழற்றிய இழையின் நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது.

அன்றோடு இணைப்பு அறுவது நின்றது. ஒளி வராதபோது எரியும் எல்ஓஎஸ் விளக்கு இன்றுவரை ஒரு முறைகூடச் சிவக்கவில்லை. ஆனால் வேகம் மட்டும் 8-ஆம் தேதி இரவு வரை 4-லேயே கிடந்தது. இரண்டு நோயும் வேறு வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது மாதம் ஒழுங்காக அளக்க முடிவு செய்தேன். அதுவரை எல்லாச் சோதனையையும் ஃபோனில் வைஃபை வழியாகத்தான் செய்திருந்தேன், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பழைய மடிக்கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்தேன். 94 வந்தது. பகீரென்றது. சுழற்சியின் நடுவில், நன்றாக ஓட வேண்டிய நாளில், 94. இந்த எண்ணைப் பார்த்தால் ஃபைபரைத் தொடாதீர்கள், கேபிளைப் பாருங்கள். லேன் கேபிளில் எட்டுக் கம்பிகளும் சேர்ந்தால்தான் ஜிகாபிட் கிடைக்கும். 100-க்கு நான்கு கம்பி போதும், மற்ற நான்கில் ஒரு ஜோடி விட்டுப்போனால் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும், கையில் கிடைப்பது 94 அல்லது 95. வேறு கேபிள் மாட்டியதும் 198. செலவு 5.

பிறகு அரை மணிக்கு ஒரு முறை தானாக வேகச் சோதனை ஓடும்படி வைத்துவிட்டேன். ஆறு நாள் ஓடியது. அழகான வரைபடம் கிடைத்த திருப்தியில் நிறுத்தினேன். அந்த மாதம் வேகம் 1-ஆம் தேதி படுக்கவில்லை, 28-ஆம் தேதியே படுத்துவிட்டது. நான்கு நாள் முன்னதாக.

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். அந்த மாதத்தில் நான் புதிதாகச் செய்தது ஒன்றே ஒன்று, வேகச் சோதனை. கணக்குப் போட்டேன். 200 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 200 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட், ஆக நொடிக்கு 25 எம்பி. ஒரு சோதனை இறக்கத்துக்கு 12 நொடி, ஏற்றத்துக்கு 12 நொடி எடுத்தது. 300 எம்பியும் 300 எம்பியும் 600 எம்பி. ஒரு நாளைக்கு 48 சோதனை என்றால் 28.8 ஜிபி. ஆறு நாளுக்கு 173 ஜிபி. மந்தத்தைக் கண்டுபிடிக்க ஓடவிட்ட சோதனையே மந்தத்தை முன்னால் இழுத்து வந்திருக்கிறது. அப்படியென்றால் எங்கோ ஒரு அளவு எண்ணப்படுகிறது.

28-க்குப் பிறகு இரவில் ஒரு முறை, விடிகாலையில் ஒரு முறை மட்டும் சோதித்தேன். 3.8, 3.8, 3.9, 3.8. விடிகாலை 3 மணிக்கும் 3.8, இரவு 9 மணிக்கும் 3.8. ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் வரும் நெரிசல் என்றால் இரவு 9-க்கு விழுந்து விடிகாலையில் எழ வேண்டும். இழை பழுது என்றால் எண் தாறுமாறாகக் குதிக்கும், அல்லது ஒரேயடியாக அறுந்துபோகும். இப்படி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கிறதென்றால், யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த ஒன்று முதல் மாதமே தெரிந்திருந்தால் ரவுட்டரும் வாங்கியிருக்க மாட்டேன், பேனாவும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். 11 பக்கம். முதல் பக்கத்தில் 'வரம்பற்ற தரவு' என்று இருந்தது, பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரம் 7-ஆம் பக்கத்துக்குக் கூட்டிப் போனது: நியாயமான பயன்பாட்டு அளவு ஒரு பில்லிங் சுழற்சிக்கு 1000 ஜிபி, இறக்கமும் ஏற்றமும் சேர்த்து, அதற்கு மேல் 4 எம்பிபிஎஸ். கையெழுத்துப் போட்ட நாளில் நான் இந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. தரவு நிற்காது என்ற அர்த்தத்தில் அது வரம்பற்றதுதான், 4 எம்பிபிஎஸ்-இல் ஒரு மாதம் விடாமல் ஓட்டினால் இன்னொரு 1296 ஜிபி வரும். வரம்பு இருப்பது வேகத்துக்கு. விற்கும்போது அதைப் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விசாரிக்கக் கூப்பிட்டபோது, "பெரிய பிளானுக்கு மாறிடுங்க சார், 3000 ஜிபி வரும், பிரச்சினையே இருக்காது" என்றார்கள். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு மீதிப் பக்கங்களையும் படித்தேன். பென்சிலால் அடிக்கோடு போட்டவை இவை: திட்டத்தை உயர்த்தினால் 24 மாதக் கட்டுக்காலம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். நடுவில் விலகினால் மீதி மாதங்களின் கட்டணத்தில் பாதியும், ஆரம்பத்தில் தள்ளுபடி செய்த நிறுவல் கட்டணம் முழுவதும் கட்ட வேண்டும். ஓஎன்டி பெட்டியை 14 நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் அதற்குத் தனி. காலம் முடிவதற்கு 30 நாள் முன்பே எழுத்தில் சொல்லாவிட்டால் இன்னும் 12 மாதம் தானாக நீளும், அப்போது கட்டணம் 125.

அன்று எனக்கு ஒப்பந்தத்தில் 9 மாதம் மீதி. காகிதத்தில் போட்ட கணக்கு: இருக்கும் திட்டத்திலேயே தொடர்ந்தால் 900. விலகினால் 900-இல் பாதி 450, நிறுவல் கட்டணம் 250, ஆக 700, கையில் இணைப்பும் இருக்காது. பெரிய திட்டம் மாதம் 140, 24 மாதத்துக்கு 3360. அதாவது ஒன்பது மாதத்துக்குக் கூடுதலாக 360, அதற்கு மேல் இன்னும் 15 மாதம் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். 1000 ஜிபி எங்கே போகிறது என்றே தெரியாமல் 3000 ஜிபிக்கு இரண்டு வருடம் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. முதலில் எண்ணுவோம் என்று முடிவெடுத்தேன்.

வீணாகிவிட்டது என்று நினைத்த ரவுட்டர் இங்கே கைகொடுத்தது. அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான திறந்த மூல மென்பொருள்) ஏற்ற முடிந்தது. விஎன்ஸ்டாட் என்ற எண்ணியை நிறுவினேன், மணிவாரியாக, நாள்வாரியாக எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எழுதி வைக்கும். 11-ஆவது நாள் மின்சாரம் போய் வந்தது. திறந்து பார்த்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. அந்தப் பதிவுக் கோப்பு இயல்பாக இருக்கும் இடம் தற்காலிக நினைவகம். ரவுட்டர் அணைந்தால் எல்லாம் போய்விடும். ஒரு சின்ன பென் டிரைவ் செருகி, பதிவு அதில் விழும்படி மாற்றினேன். செலவு 8, ஒரு மாதம் போனது.

ஐந்தாவது மாதம்தான் முழுக் கணக்குக் கிடைத்தது. எந்தக் கருவி எவ்வளவு என்று தனித்தனியாக எண்ணும் மென்பொருள் பொதியையும் போட்டேன். கருவிகளின் கூட்டுத்தொகை மொத்தத்தில் கால்வாசிகூட வரவில்லை. ரவுட்டர் அமைப்பில் ஃப்ளோ ஆஃப்லோடிங் என்ற ஒன்றை வேகத்துக்காக இயக்கி வைத்திருந்தேன், அதனால் பெரும்பாலான போக்குவரத்து எண்ணும் இடத்தைத் தொடாமலே கடந்துவிட்டது. அதை அணைத்ததும் எண்கள் ஒத்துவந்தன. 200 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அது இல்லாமலே ரவுட்டர் சமாளித்தது.

நாளொன்றுக்குச் சராசரி 42 ஜிபி. அதில் தொலைக்காட்சி 16. 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பார்க்கிறோம், சரியாக இருக்கிறது. ஃபோன்கள், கணினிகள், அலுவலக வேலை எல்லாம் சேர்ந்து 10. மீதி 16 ஜிபியை ஒரே ஒரு பொருள் தின்றிருந்தது: வாசலைப் பார்க்க மாட்டிய கேமரா.

பட்டியலில் அந்த வரியைத் தொட்டு மணிவாரியாகப் பிரித்தேன். இறக்கம் ஒன்றுமே இல்லை. ஏற்றம் மட்டும் மணிக்கு 0.67 ஜிபி, இரவு பகல் 24 மணிக்கும் ஒரே உயரத்தில் வேலி கட்டிய மாதிரி. 1.5 எம்பிபிஎஸ்-இல் விடாமல் மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) படம் அனுப்பிக்கொண்டிருந்தது. கேட்டால் 1.5 சின்ன எண். ஒரு நாளைக்கு 16.2 ஜிபி, 30 நாளைக்கு 486 ஜிபி, எங்கள் வரம்பில் ஏறக்குறைய பாதி. கேமரா மாட்டியது 13-ஆவது மாதத் தொடக்கத்தில். அதற்கு முன் எங்கள் வீட்டின் செலவு மாதம் 780 ஜிபி அளவில்தான் இருந்திருக்க வேண்டும், அதனால்தான் முதல் வருடம் வரம்பை நாங்கள் தொடவே இல்லை.

அந்த மாதம் வேகம் விழுந்த கணத்தில் என் எண்ணிக்கை 919 காட்டியது. 1000 தருவதாகச் சொல்லிவிட்டு 919-இல் நிறுத்துகிறார்களே என்று கோபம் வந்தது, கடிதம்கூட எழுதத் தொடங்கினேன். அனுப்பாதது நல்லதாகப் போயிற்று. விஎன்ஸ்டாட் 1024-இன் பெருக்கத்தில் எண்ணுகிறது, ஒப்பந்தம் 1000-இன் பெருக்கத்தில். கிலோ, மெகா, ஜிகா என்று மூன்று படியிலும் வித்தியாசம் சேர்ந்து, அவர்களுடைய 1000 என்பது என் கணக்கில் 931. மீதி 12-க்கு என் கணிப்பு, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் (பாக்கெட்) தலைப்பிலும் இருக்கும் சில பைட்டுகளை அவர்கள் எண்ணுகிறார்கள், என் எண்ணி எண்ணுவதில்லை. ஒன்றேகால் சதவீத வித்தியாசம், அதற்குச் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சரிசெய்ய ஆனது இருபது நிமிடம். கேமராவில் ஒரு நினைவக அட்டை செருகி, தொடர்பதிவை அதற்கு மாற்றினேன். அசைவு தெரிந்தால் மட்டும் மேகத்துக்கு அனுப்பும்படி வைத்தேன். முதல் இரண்டு நாள் மரக்கிளை அசைவுக்கெல்லாம் அனுப்பி 5 ஜிபி போனது. பார்க்க வேண்டிய பரப்பை வாசலுக்கு மட்டும் சுருக்கியதும் நாளுக்கு 2 ஜிபியில் நின்றது. அட்டை 12.

ஆக மொத்தச் செலவு: ரவுட்டர் 180, துடைப்பான் பேனா 20, லேன் கேபிள் 5, பென் டிரைவ் 8, நினைவக அட்டை 12. கூட்டினால் 225. உண்மையில் தேவைப்பட்டது கடைசி மூன்றும் எண்ணத் தெரிந்த ஏதாவது ஒரு ரவுட்டரும்.

அடுத்த இணைப்பு எடுக்கும்போது நான் மாற்றிச் செய்யப்போவது கொஞ்சம் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே மூன்று கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்குவேன்: வரம்பு எத்தனை, ஏற்றம் அதில் சேருமா, தாண்டினால் வேகம் என்ன. நிறுவும் அன்றே ஓஎன்டி பக்கத்தில் ஒளி அளவைப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். எங்களிடம் அப்படி ஒரு படம் இருந்திருந்தால், மைனஸ் 26.3 என்பது தொடக்கத்திலிருந்தே அப்படியா, அலமாரி இழையை நசுக்கிய பிறகா என்று முதல் நாளே தெரிந்திருக்கும். இழையைத் திருப்பும் இடங்களில் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் அளவுக்காவது வளைவு விடுவேன், மூலையில் இழுத்துக் கட்டமாட்டேன். எண்ணியை முதல் நாளிலிருந்தே ஓடவிடுவேன். வேகச் சோதனை நாளுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்.

நேற்று இரவு சுழற்சி முடியும்போது எண்ணி காட்டியது 782. ஒப்பந்தக் கணக்கில் 840 ஜிபி. இன்னும் 160 ஜிபி மிச்சம் இருந்தது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கிறது. 30 நாள் அறிவிப்புக்கு ஐந்து மாதம் கழித்து வரும் கடைசித் தேதியை, இரண்டு வாரம் முன்தள்ளி, நாள்காட்டியில் குறித்துவிட்டேன். அறிவிப்புக் கடிதமும் எழுதி ஒப்பந்தத்தின் 7-ஆம் பக்கத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன், தேதி மட்டும் போட வேண்டும்.